துரை போன பின்பு தோட்டம் யாருடையது?

தேவிகுளம் வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

இந்த மலையில் பிறந்தவர்களுக்குத் தோட்டம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர், கொழுந்து எடை, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறை, ஓய்வு பெற்றதும் அந்த அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டிய கட்டாயம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. பழைய ஆட்சிமுறையைத் தூக்கியெறிந்த ஒரு சமுதாயம் அதன் பிறகு எவற்றையெல்லாம் எதிர்கொள்கிறது என்பதைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டபோது, பிரான்சையும் ரஷ்யாவையும் விட்டுவிட்டு, தோட்டத்தில் உழைத்தவர்களே நடத்தி வென்ற ஒரு புரட்சியை எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தேன். அது கரீபியன் கடலில் உள்ள ஹைத்தியில் நடந்தது.

அந்நாடு அப்போது சான் தொமிங்கு என்ற பெயரில் பிரான்சின் குடியேற்ற நாடாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் வழிவந்தவர்களுமாக ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள் அங்கே கரும்பும் காப்பியும் விளைவித்தார்கள். ஐரோப்பா அருந்திய காப்பியில் பாதிக்கு மேல் அந்தச் சிறு நிலப்பரப்பிலிருந்தே சென்றது. 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்களில் தீ மூண்டது. 1793-இல் தீவிலும், 1794 பிப்ரவரியில் பிரெஞ்சு மாமன்றத்திலும் அடிமை முறை ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் நெப்போலியன் அனுப்பிய படையையும் வென்று, 1804 ஜனவரி 1 அன்று ஹைத்தி விடுதலை நாடாயிற்று.

போர்க்களத்துக் கதை பலரும் சொல்வது. என் மனத்தை உறுத்துவது, அடிமை முறை ஒழிந்த பின்பும் விடுதலை அறிவிக்கப்படுவதற்கு முன்பும் நடந்த ஒன்று. புரட்சியின் தலைவர் டூசான் லூவர்த்தூர், தாமே அடிமையாகப் பிறந்தவர். அவர் 1800 அக்டோபரில் பிறப்பித்த ஆணையின்படி, தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அந்தத் தோட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது. மீறினால், படையிலிருந்து ஓடிப்போன சிப்பாயைப் போலத் தண்டிக்கப்படுவார்கள். சவுக்கு ஒழிந்தது, விளைச்சலில் நான்கில் ஒரு பங்கு தொழிலாளிக்கு என்று சட்டம் சொன்னது. ஆனால் விடிந்ததும் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் மாறவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், 50 காரோவுக்கு, அதாவது சுமார் 160 ஏக்கருக்குக் குறைந்த நிலத்தை விற்கவோ வாங்கவோ கூடாது என்றும் ஆணை வந்தது. சில குடும்பங்கள் காசு சேர்த்துச் சிறு துண்டு நிலம் வாங்கிக்கொண்டு தோட்டத்தை விட்டுப் போய்விடுகின்றன என்பதே அதற்குக் காரணம்.

லூவர்த்தூரைத் துரோகி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுற்றிலும் அடிமை முறையை விடாத பேரரசுகள். எந்த நாளும் படையெடுப்பு வரலாம். துப்பாக்கிக்கும் வெடிமருந்துக்கும் பணம் வேண்டும். அந்தப் பணத்தைத் தரக்கூடியவை சர்க்கரையும் காப்பியும் மட்டுமே. அவருடைய கணக்கு தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் உழைப்பவர் விரும்பியது எது என்பதற்கு இடம் இல்லை. 1801 அக்டோபரில் வடக்கில் தோட்டத் தொழிலாளர்கள் மீண்டும் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களுக்கு ஆதரவாக நின்றதாகக் குற்றம் சாட்டித் தம் மகனைப் போல் நடத்திய தளபதி மொயீசையே அவர் சுட்டுக்கொல்லச் செய்தார். சில மாதங்களில் பிரெஞ்சுப் படை கரையிறங்கியபோது, முன்பு அவருக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்திருந்த மக்களில் பலர் அவர் அழைப்புக்கு எழுந்து வரவில்லை.

உழைப்பவர் விரும்பியது என்ன? அடிமைக் காலத்திலேயே அவர்களுக்குத் தோட்டத்தின் ஓரத்தில், கரும்புக்கு ஆகாத சரிவுகளில், உணவுக்காகச் சிறு துண்டு நிலம் விடப்பட்டிருந்தது. மரவள்ளியும் வாழையும் அங்கே விளைந்தன. ஒரு மனிதன் தன் விருப்பப்படி குழி தோண்டி நட முடிந்த ஒரே இடம் அதுதான்; விடுதலை என்றதும் அந்த நிலம் பெரிதாகும் என்றே அவர்கள் புரிந்துகொண்டார்கள். இதை நூல்களில் படித்தபோது, லயத்துக்குப் பின்னால் என் தாயார் வைத்திருந்த பீன்ஸ் பாத்தியும் சௌசௌ பந்தலும் நினைவுக்கு வந்தன. மாலையில் கொழுந்து எடை போட்டுவிட்டு வந்து, இருட்டும் வரை அவர் அங்கேதான் இருப்பார். புதிதாகத் தேயிலை நட வேண்டும் என்று தோட்டத்தார் ஒரு நாள் அதை அகற்றச் சொன்னார்கள். பந்தலைத் தம் கையாலேயே பிரித்தார். அடுத்த வாரம் வாசலில் இரண்டு எண்ணெய்த் தகரங்களில் மண் நிரப்பி மல்லியும் புதினாவும் போட்டார்.

கேரளத்தில் ஜன்மி முறை, அதாவது பெருநிலக்கிழார் முறை, சட்டப்படி முடிவுக்கு வந்ததும் ஒரு ஜனவரி முதல் நாளில்தான், ஆண்டு 1970. குத்தகைக்கு உழுதவர் உரிமையாளர் ஆனார். பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரருக்குக் குடிசையைச் சுற்றிச் சில சென்ட் நிலமாவது கிடைத்தது. இந்தியாவில் வெகு சில மாநிலங்களே செய்து காட்டிய காரியம் அது, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆயினும் தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்தது. லயத்தில் வாழ்ந்தவர் லயத்திலேயே இருந்தார். லூவர்த்தூரின் அதே கணக்குத்தான் இங்கும்: ஏற்றுமதி, வருவாய், வேலைவாய்ப்பு. 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் அமர்ந்த தேயிலைத் தோட்டப் பெண்கள் போனஸ் கேட்டபோது தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் விடவில்லை என்பதை நேயர்கள் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள்; தங்கள் பெயரால் பேச வந்தவர்களே நாளடைவில் மறுபுறம் போய் நின்றுவிட்டார்கள் என்ற மனக்குறை அதில் இருந்தது.

ஹைத்திக்குத் திரும்புவோம். 1825-இல் பிரான்சு 14 போர்க்கப்பல்களைத் துறைமுகத்துக்கு முன் நிறுத்தி, தோட்ட முதலாளிகள் இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. அந்தச் சொத்துக் கணக்கில் விடுதலை பெற்ற மனிதர்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அத்தொகை 1838-இல் 9 கோடியாகக் குறைக்கப்பட்ட பின்பும், அதற்காக வாங்கிய கடன்கள் முற்றிலும் தீர 1947 வரை ஆயிற்று. முதல் தவணைக்கே வழியில்லாத குடியரசுத் தலைவர் போயர், 1826-இல் ஊரகச் சட்டம் கொண்டுவந்து உழவர்களை மறுபடியும் தோட்டங்களோடு பிணைக்க முயன்றார்.

மக்கள் அதற்கு எதிராகப் படை திரட்டவில்லை. வேலைக்கு வராமல் மலையேறிப் போனார்கள். அங்கே ஒரு முற்றத்தைச் சுற்றி உறவினர் வீடுகள், முன்னோரின் கல்லறைகள், மரவள்ளி, வாழை, ஓரமாகக் காப்பிச் செடிகள் என்று அமைந்த குடியிருப்பை ‘லாகூ’ என்றார்கள். பெருந்தோட்டங்கள் புதர் மண்டின. அரசு ஏங்கிய காப்பி, லாகூக்களைச் சுற்றியிருந்த அந்தச் சிறு நிலங்களிலிருந்தே மூட்டை மூட்டையாகத் துறைமுகத்துக்கு இறங்கி வந்தது. அந்த மூட்டைகளின் மீது விதித்த சுங்கவரியைக் கொண்டுதான் பிரான்சின் கடனும் அடைக்கப்பட்டது.

வணக்கம்.