பிள்ளை படிப்பது எழுத்தையா, அம்மாவின் முகத்தையா?

நேயர்களுக்கு வணக்கம்.

'கொக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் எழுத்தில் ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று உருவங்கள். வாயில் வருவதோ ஒரே ஒலி. கொம்பைப் பார்த்ததும் 'கெ' என்று சொல்லிவிடாமல், பின்னால் கால் வருகிறதா என்று பார்க்கும்வரை மனசில் பிடித்து வைத்திருக்க வேண்டும். நமக்கு இது கண்ணிமைக்கும் நேரம். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைக்கு, சொல்லுக்குச் சொல் உழைப்பு.

அந்த நொடியில் பக்கத்திலிருந்து, "ம்... சொல்லு, நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன்!" என்று ஒரு குரல். பிடித்து வைத்திருந்தது நழுவிவிடும். ஒலியைத் தாங்கிப் பிடிக்கும் செயல்நினைவு மிகச் சிறிய இடம். பயமும் அங்கேதான் வந்து உட்காருகிறது. அதற்குப் பிறகு பிள்ளையின் கண் புத்தகத்தில் இருக்காது. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே 'கெட்டி', 'கொடி' என்று ஊகித்துப் பார்க்கும். "கவனமே இல்லை" என்று நாம் திட்டுவது பல நேரம் இந்த ஊகத்தைத்தான்.

பயத்தால் டிஸ்லெக்சியா வருவதில்லை. எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. குடும்ப வழியாகவும் வரும். அதனால் வகுப்பில் எழுந்து நின்று திணறிய பழைய வலி அப்பாவுக்கும் இருக்கலாம். 'என்னைப்போல ஆகிவிடுவானோ' என்ற அந்தத் தவிப்புதான் அவர் குரலில் கடுமையாக வெளிவருகிறது. பிள்ளைக்குத் தவிப்பு தெரியாது, கடுமை மட்டும்தான் கேட்கும். ஞாயிறு இரவு வயிற்றுவலி, வாசிக்கும் பாடவேளையில் மட்டும் கழிப்பறை, காணாமல் போகும் நோட்டு: இவற்றை நடிப்பென்று ஒதுக்காதீர்கள். வலி நிஜமாகவே வலிக்கிறது.

வீட்டில் 'சேர்ந்து வாசித்தல்' முறையைச் செய்து பாருங்கள். நாளுக்குப் பத்து நிமிடம், வாரம் ஐந்து நாள். புத்தகம் பிள்ளை விரும்பி எடுத்ததாக இருக்கட்டும். இருவரும் ஒரே குரலாக, பிள்ளையின் வேகத்தில் வாசியுங்கள். தனியாக வாசிக்கத் துணிவு வந்தால் பிள்ளை மேசையில் ஒரு தட்டு தட்டும், நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். தடுமாறினால் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். வராவிட்டால் சொல்லை நீங்களே சொல்லி, பிள்ளை ஒருமுறை திருப்பிச் சொன்னதும் மறுபடி சேர்ந்து தொடருங்கள். எழுத்துக்கூட்டச் சொல்லி அங்கேயே நிறுத்தி வைத்தால், கதை அறுந்து பயம் திரும்பிவிடும். எழுத்துப் பயிற்சி கட்டாயம் வேண்டும், ஆனால் அதற்கு வேறு வேளை ஒதுக்குங்கள். எதிரெதிரே உட்காராமல் தோளோடு தோளாக உட்காருங்கள். உங்கள் முகம் பிள்ளையின் கண்ணில் படாது.

இதனோடு முறையான பரிசோதனையும் சிறப்புக் கல்வி ஆசிரியரின் பயிற்சியும் அவசியம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற வகையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். 'பெயர் கெட்டுவிடும்' என்று தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைதான் தன்னை மக்கு என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

வகுப்பு ஆசிரியரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். நாளை வாசிக்கவேண்டிய நான்கு வரியை இன்றே குறித்து அனுப்பட்டும். அந்த நான்கு வரியை இன்று மாலை தோளோடு தோளாக உட்கார்ந்து மூன்று முறை வாசித்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.