பாலையும் கோதுமையையும் நிறுத்துவதற்கு முன்பு

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? இன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பையன் தூங்குகிறான், எழுந்துவிட்டால் கேமரா அவன் கைக்குப் போய்விடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பாலையும் கோதுமையையும் நிறுத்திப் பார்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். சிலர் கேட்கக்கூட இல்லை, ஏற்கெனவே நிறுத்திவிட்டோம், இனி சாப்பிட என்ன கொடுப்பது என்று எழுதுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் டாக்டர் இல்லை, இப்படி ஒரு பையனுக்கு அம்மா, படித்ததையும் வீட்டில் பார்த்ததையும் வைத்துப் பேசுகிறேன். என் கட்சி இதுதான்: வயிற்றுக்காகச் சாப்பாட்டை மாற்றுங்கள், ஆட்டிசத்தைப் போக்குவதற்காக மாற்றாதீர்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் அவஸ்தைப்படுவது பிள்ளைதான்.

வயிற்றுத் தொந்தரவு இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம் என்பது பெற்றோரின் கற்பனை இல்லை. 2014இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில், அதுவரை வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு வயிற்றுக் கோளாறு இருக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் என்று வந்தது. மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி மூன்றுமே அதில் உண்டு.

சரி, பேச்சு வராத பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எப்படிச் சொல்லும்? என் பையன் சோபாவின் கைப்பிடி மேல் குப்புறக் கிடப்பான். வயிறு சரியாக அந்த விளிம்பில் அழுந்தும்படி உடம்பை நகர்த்தி வைத்துக்கொண்டு, காலை உதறிக்கொண்டே அப்படியே இருப்பான். பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு மாதிரிதான் தெரியும். ஆனால் மலம் போகாத நாட்களில்தான் அது நடக்கிறது, போய்விட்டால் சோபா பக்கமே வரமாட்டான். வேறு பிள்ளைகள் மேஜை முனையில் வயிற்றை அழுத்துவார்கள், முதுகை வில்லாக வளைப்பார்கள், தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருப்பார்கள், ராத்திரியில் விழித்து அழுவார்கள். 2010இல் இதற்காகவே கூடிய மருத்துவர் குழு ஒன்று தெளிவாகவே எழுதியிருக்கிறது: திடீரென்று தன்னை அடித்துக்கொள்வது, மூர்க்கமாவது, தூக்கம் கெடுவது, இவற்றுக்குப் பின்னால் வயிற்றுவலி இருக்கலாம், சில சமயம் வெளியே தெரிகிற அடையாளமே அது மட்டுமாக இருக்கலாம். அதனால் நடத்தை மாறினால் எல்லாவற்றையும் ஆட்டிசக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். டாக்டரே அப்படி எழுதினாலும் திரும்பக் கேளுங்கள்.

இப்போது நான் சொல்லப்போவதைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். மலத்தைப் பாருங்கள். தினமும் பாருங்கள். பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, 1997இல் வந்தது, மலத்தை ஏழு வகையாகப் படம் போட்டுக் காட்டும். ஒன்று, இரண்டு என்றால் கட்டி, மூன்று, நான்கு என்றால் நல்லது, ஆறு, ஏழு என்றால் இளக்கம், தண்ணீர். எங்கள் வீட்டுக் கழிவறைக் கதவின் உள்பக்கம் அதை ஒட்டியிருக்கிறேன், பக்கத்தில் ஒரு பென்சில் தொங்குகிறது. வருகிற விருந்தாளிகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

இதில் நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. உள்ளாடையில் தண்ணீராக ஒழுகுகிறது, ஆகவே வயிற்றுப்போக்கு என்று நினைத்து நார்ச்சத்தைக் குறைப்பார்கள், பாலை நிறுத்துவார்கள். ஆனால் உள்ளே மலம் கல்லாக அடைத்துக்கொண்டிருக்கும்போது, மேலே இருந்து வருகிற இளகின மலம் அந்த அடைப்பைச் சுற்றி வழிந்து வெளியே வரும். பார்வைக்குப் பேதி, உண்மையில் கடுமையான மலச்சிக்கல். குடலின் கடைசிப் பகுதி விரிந்துபோய், வருகிறது என்ற உணர்வே பிள்ளைக்கு மங்கிவிடும். திட்டி ஒரு பயனும் இல்லை. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் பாலிஎத்திலீன் கிளைக்கால் மாதிரி மலமிளக்கியைக் கொடுத்து முதலில் அடைப்பை எடுக்கவேண்டும், அப்புறம் மாதக்கணக்கில் குறைந்த அளவில் தொடரவேண்டும். நான்கு நாள் நன்றாகப் போனதும் மருந்தை நிறுத்திவிடுகிறோம் பாருங்கள், அதில்தான் மறுபடியும் அடைக்கிறது. கூடவே, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் உட்கார வையுங்கள். கால் தொங்கக் கூடாது, கீழே ஒரு முக்காலி போட்டு முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கவேண்டும். பையன் உட்காரவே மாட்டேன் என்றால் அறையின் வாசனையா, தண்ணீர் இழுக்கும் சத்தமா, இருக்கையின் குளிர்ச்சியா என்று பாருங்கள், பாதி நேரம் அதுதான் காரணம். அவன் எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள், இரும்புச்சத்து மருந்துகூட மலத்தைக் கட்டியாக்கும்.

இனி டயட். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் புரதம், கேசீன் என்பது பாலில் இருக்கும் புரதம். இவை சரியாகச் செரிக்காமல் அபின் மாதிரியான துண்டுகளாக உடைந்து, குடல் வழியே கசிந்து மூளைக்குப் போகின்றன என்று ஒரு கருத்து பல வருடமாகச் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2008இல் ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் சிறுநீரில் அந்தத் துண்டுகளைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. 2016இல் வந்த அமெரிக்க ஆய்வு இன்னும் சுவாரசியம். பதினான்கு சிறு பிள்ளைகளைக் கண்டிப்பான பத்தியத்தில் வைத்துவிட்டு, அப்புறம் தின்பண்டத்துக்குள் குளூட்டனையோ கேசீனையோ இரண்டையுமோ ஒளித்துக் கொடுத்தார்கள், சில தடவை ஒன்றும் கலக்காமல் கொடுத்தார்கள். எதில் என்ன இருக்கிறது என்று பெற்றோருக்கும் தெரியாது, கவனித்தவர்களுக்கும் தெரியாது. நடத்தையிலோ தூக்கத்திலோ மலத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளுக்காக இந்தப் பத்தியத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கிற பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் எங்கள் பிள்ளைக்கு மாற்றம் தெரிந்ததே, அது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. லாக்டோஸ் செரிக்காத பிள்ளைக்குப் பாலை நிறுத்தினால் வயிற்று உப்புசம் குறையும், அது பாலின் சர்க்கரை செய்யும் வேலை, கேசீன் கதை வேறு. பால் புரத ஒவ்வாமையால் மலச்சிக்கல் வருகிற பிள்ளைகளும் உண்டு, ஆட்டிசம் இல்லாதவர்களிலும் உண்டு. கோதுமையில் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து இருக்கிறது, சிலருக்கு அது வாயுவைக் கிளப்பும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் உருவாக்கிய லோ ஃபாட்மேப் டயட்டின் அடிப்படையே அப்படிச் செரிக்காத சர்க்கரைகளைக் குறைப்பதுதான். வயிறு வலிக்காத பிள்ளை நன்றாகத் தூங்கும், நன்றாகத் தூங்கின பிள்ளை பாடத்தில் உட்காரும். அந்த மாற்றம் உண்மை, ஆனால் ஆட்டிசம் குறைந்தது என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

இதைத் தயவுசெய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளூட்டன் சாப்பிட்டால் குடலே பாதிக்கப்படுகிற சீலியாக் என்று ஒரு நோய் இருக்கிறது, கோதுமையை நிறுத்துவதற்கு முன்பு அதற்கான ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அந்தப் பரிசோதனை குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடம்பில்தான் சரியாக வேலை செய்யும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம், பிறகு பரிசோதனைக்காகவே குறைந்தது ஆறு வாரம் திரும்பக் கொடுக்கவேண்டி வரும். கஷ்டப்பட்டு ஒரு ரொட்டியை மறக்க வைத்த பிள்ளையிடம் அதைத் திரும்ப நீட்டிப் பிறகு பிடுங்குவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஏற்கெனவே நான்கைந்து சாப்பாட்டில் வாழும் பிள்ளையிடம் இரண்டைப் பிடுங்கினால் மிச்சம் என்ன? வற்புறுத்தினால் பட்டினி கிடப்பார்கள், பசித்தால் தானாகச் சாப்பிடும் என்ற பேச்செல்லாம் இவர்களிடம் செல்லாது. மிகக் குறைவான வகைகளையே சாப்பிட்டு வைட்டமின் சி இல்லாமல் ஸ்கர்வி வந்த ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல முறை வந்திருக்கிறது, காலை நொண்டிக்கொண்டு வருகிறார்கள், எலும்பில் ஏதோ என்று தேடினால் கடைசியில் அதுவாக இருக்கிறது. பால் விஷயத்தில், 2008இல் ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் கை எலும்பை எக்ஸ்ரேயில் அளந்தபோது எலும்பு மெலிவாக இருந்தது, பால் தவிர்த்த பிள்ளைகளுக்கு இன்னும் மெலிவு. நான்கு முதல் எட்டு வயதுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் என்பது அமெரிக்கப் பரிந்துரை, ஒரு பெரிய டம்ளர் பாலில் சுமார் 300 இருக்கும். பாலை நிறுத்துகிறீர்கள் என்றால் அது வேறு எங்கிருந்து வரும் என்று உணவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு நிறுத்துங்கள்.

அதையெல்லாம் பார்த்துவிட்டு டாக்டரும் சரி என்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பாலை நிறுத்துகிற அதே வாரத்தில் புதுத் தெரப்பியையும் புது வைட்டமினையும் ஆரம்பித்தால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்லமுடியாது. தொடங்குவதற்கு முன்பே சில வாரம் மலம், தூக்கம், வலி அடையாளம் மூன்றையும் எழுதுங்கள். முடிந்தால் பிள்ளையைக் கவனிக்கும் ஒருவரிடமாவது டயட் மாற்றியதைச் சொல்லாமல், எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேளுங்கள். அவர் கண் ஆசை இல்லாத கண். வித்தியாசமே இல்லை என்றால் பழையபடி கொடுத்துவிடுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை, பிள்ளைக்குப் பிடித்த சாப்பாடு திரும்பக் கிடைக்கிறது.

அப்புறம் காசு பிடுங்குகிற சமாசாரங்கள். ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை செய்து நாற்பது உணவின் பெயரைச் சிவப்பில் அச்சடித்துக் கொடுப்பார்கள், அது ஒவ்வாமையைக் காட்டும் பரிசோதனையே இல்லை, ஒவ்வாமை மருத்துவச் சங்கங்களே வேண்டாம் என்கின்றன. குளோரின் டையாக்சைடை மருந்து என்று குடிக்கவோ எனிமாவாகவோ கொடுக்கச் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள், அது ப்ளீச்.

மலத்தில் ரத்தம், பச்சை நிறத்தில் வாந்தி, எடை குறைவது, காய்ச்சலோடு வயிற்றுவலி, இதில் எது இருந்தாலும் டயட்டும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

கேள்விகளைக் கீழே எழுதுங்கள், லோ ஃபாட்மேப் பற்றித் தனியாகவே பேசவேண்டும், அது பெரிய கதை. மலத்தின் படத்தை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள், உண்மையாகவே அனுப்புகிறீர்கள், அதை போனில் வைத்திருந்து டாக்டரிடம் காட்டுங்கள், அவருக்குத்தான் அது உதவும். ஆ, எழுந்துவிட்டான். வருகிறேன்.