தண்ணீர்ப் பை கவிழ்ந்த இடம்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இந்த மாலைக்காகப் பள்ளி வளாகத்தைத் திறந்துவிட்ட தாளாளர் அம்மா அவர்களே, தைப்பூசத்துக்குப் பழநிப் பாதையில் ஆண்டுதோறும் நடக்கும் பாதயாத்திரைக் குழுவினரே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். நகர்மன்றத் தலைவர் வேறு இரண்டு நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு இந்த மேடையின் நன்றி. அவரிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சீனாவைக் கால்நடையாகக் கடப்பதில் உள்ள ஏற்ற இறக்கங்களைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாதை, பாதம், தண்ணீர், தாள்கள், தனிமை என்று ஐந்தாகப் பிரித்துக்கொள்வோம். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஆற்றங்கரையில் சொன்னது, இந்த ஐந்துக்கும் பொருந்தும்.

முதலில் பாதை. பெய்ஜிங்கில் தொடங்கி ஷான்சி மாநிலம், சியான் நகரம், லான்சோ, பிறகு மலைக்கும் பாலைவனத்துக்கும் நடுவே நீளும் ஹெசி இடைவழி, குவாசோ, ஹாமி, துருபான், உரும்ச்சி. ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். கிறிஸ்டோஃப் ரேஹகெ என்ற ஜெர்மானியர் 2007 நவம்பரில் பெய்ஜிங்கில் கிளம்பி, ஓராண்டு கழித்து உரும்ச்சியில் நடையை நிறுத்தினாரே, அதே வழிதான். ஜெர்மனியில் இருக்கும் தன் வீடுவரை நடப்பதென்று கிளம்பியவர் அவர். பாதியில் நிறுத்தியதை யாரும் குறை சொல்ல வேண்டாம். நிறுத்தத் தெரிந்தவனே நடக்கத் தெரிந்தவன்.

நாளுக்கு 25 கிலோமீட்டர், ஆறு நாள் நடை, ஏழாம் நாள் ஓய்வு. இந்தக் கணக்கில் 30 வாரம் ஆகும். அக்டோபர் தொடக்கத்தில் கிளம்பினால் மார்ச்சில் குவாசோ, ஏப்ரலில் துருபான். துருபான் பள்ளத்தில் ஐதிங் ஏரி கடல்மட்டத்துக்கு 154 மீட்டர் கீழே கிடக்கிறது. கோடையில் அங்கே 45 டிகிரியைத் தாண்டும். அதற்குமுன் அதைக் கடந்துவிட வேண்டும் என்றால், ஹெசி இடைவழியின் வாசலில் 3,000 மீட்டருக்கு மேல் நிற்கும் வூஷாவ்லிங் கணவாயை ஜனவரிக் குளிரில் ஏறித்தான் ஆக வேண்டும். குளிருக்குப் போர்த்திக்கொள்ளலாம், அந்த வெயிலுக்கு என்னத்தைப் போர்த்துவது? குளிரில் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் செருகுங்கள். பனிக்கட்டி மேலிருந்துதான் பிடிக்கும். தலைகீழாக இருந்தால் அடிப்பக்கம் உறைந்தாலும் மூடி திறக்கும்.

நிஜமான ஏற்ற இறக்கம் ஷான்சி, ஷாங்சி மாநிலங்களின் மஞ்சள் மண் பூமியில் இருக்கிறது. காற்று கொண்டுவந்து குவித்த மென்மண், மழை அறுத்த ஆழமான ஓடைப்பள்ளங்கள். எதிர்க்கரை ஊர் கூப்பிடு தூரத்தில் தெரியும். போய்ச் சேர அரை நாள் ஆகும். பள்ளத்தில் இறங்கும்போது முழங்கால் வாங்கும் அடி, ஏறும்போது மூச்சு வாங்குவதைவிடக் கெடுதல். மலைச்சரிவைக் குடைந்த வீடுகளில் இரவு தங்க இடம் கொடுப்பார்கள், நிலக்கரி அடுப்பும் மூட்டித் தருவார்கள். ஜன்னலை நாலு விரற்கடை திறந்து வைத்துவிட்டுப் படுங்கள். மூடிய அறையில் அந்த அடுப்பு விடும் நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது.

அடுத்தது பாதம். சூடு, ஈரம், உராய்வு மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். தோல் சிவந்து 'சுருக்' என்றதும் உட்கார்ந்துவிட வேண்டும். காலுறையைக் கழற்றி, பாதத்தை உலர்த்தி, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு நடந்தால் அன்றோடு போச்சு. 'ஊர் வரட்டும்' என்று அரை மணி தள்ளிப்போட்டால் பத்து நாள் பாடு. கொப்புளம் வந்தேவிட்டால் சுட்ட ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள், மேல்தோலை உரிக்காதீர்கள். காலணி ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். ஒரு ஜோடி 800 முதல் 1,000 கிலோமீட்டர் தாங்கும், ஆக ஐந்து ஜோடி தேவை. சீனாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், எனவே எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி இடது ஓரமாக நடக்க வேண்டும். ஆனால் மழைநீர் வடிய எல்லாச் சாலையும் ஓரத்தில் சரிந்திருக்கும். வாரக்கணக்கில் ஒரே ஓரத்தில் நடந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே மிதிக்கும். முழங்காலின் வெளிப்பக்கம் குடையத் தொடங்கும். வண்டி இல்லாத நேரம் பார்த்துச் சாலையின் நடுமேட்டுக்கு வாருங்கள்.

தாள்களைப் பற்றி இரண்டே வார்த்தை. விசாவை நீட்டிக்க, முடிவதற்கு ஏழு நாள் முன்பே பொதுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விடுதியில் தங்கினால் பதிவை விடுதியே பார்த்துக்கொள்ளும். வீடுகளில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். இன்னொன்று, சீன வரைபடங்கள் வேண்டுமென்றே விலக்கி வரையப்பட்டவை. வெளிநாட்டு ஜி.பி.எஸ். கருவி காட்டும் புள்ளியை அந்த வரைபடத்தில் வைத்தால் சில நூறு மீட்டர் தள்ளி விழும். ஆழம் தெரியாமல் காலை விடாதே! கருவியும் வரைபடமும் ஒரே கணக்கைச் சேர்ந்தவையா என்று கிளம்புமுன் பாருங்கள்.

இப்போது தண்ணீர். இதற்காகத்தான் இந்த மேடையே.

யுவான் சுவாங்கை எல்லோருக்கும் தெரியும். நம் காஞ்சிபுரத்துக்கு வந்து, பௌத்த அறிஞர் தர்மபாலர் பிறந்த ஊர் இது என்று எழுதிவைத்த அதே துறவி. அரசாணையை மீறி, மேற்கு வழியாக இந்தியா வர நாட்டைவிட்டுக் கிளம்பியவர். குவாசோவில் ஒரு கிழவர், ஹாமிக்குப் பலமுறை போய்வந்த மெலிந்த செந்நிறக் குதிரை ஒன்றைக் கொடுத்தார். வழிகாட்டி பாதியிலேயே திரும்பிவிட்டான். பாலைவனத்தில் வரிசையாக ஐந்து காவல் கோபுரங்கள், கோபுரத்தடியில்தான் தண்ணீர். முதல் கோபுரத்தில் தண்ணீர் எடுக்கக் குனிந்தார், அம்பு பறந்து வந்தது. 'நான் துறவி, அம்பு எய்யாதீர்கள்' என்று கத்தினார். அங்கிருந்த அதிகாரி பக்தர், வழியனுப்பி வைத்தார். நாலாவது கோபுரத்து அதிகாரி பெரிய தோல் பை ஒன்றைக் கொடுத்து, 'ஐந்தாவது கோபுரத்துப் பக்கம் போகாதீர்கள், காட்டுக்குதிரை ஊற்றில் நிரப்பிக்கொள்ளுங்கள்' என்றார். வழி தப்பியது, ஊற்று அகப்படவில்லை. குடிக்கலாம் என்று பையைத் தூக்கினார். பாரம் தாங்காமல் கை நழுவியது, அத்தனை தண்ணீரும் மணலில் போயிற்று. கிழக்கே திரும்பிப் பத்து லி, அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தூரம் நடந்தார். பிறகு, 'கிழக்கே போய் உயிர் பிழைப்பதைவிட மேற்கே போய்ச் சாவது மேல்' என்று மறுபடி திரும்பினார். நாலு இரவு, ஐந்து பகல், ஒரு சொட்டு நாக்கில் படவில்லை. குதிரையோடு மணலில் விழுந்து கிடந்தார். ஐந்தாம் இரவு நடுநிசியில் குளிர்காற்று வீசியது. குதிரை எழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் அது தானாக வேறு திசையில் திரும்பி ஓடியது, இழுத்தாலும் நிற்கவில்லை. அங்கே புல்வெளி இருந்தது, குளம் இருந்தது. அவருடைய வரலாற்றைச் சீடர் ஹுய்லி இப்படித்தான் எழுதியிருக்கிறார்.

அவர் உறுதியைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் கவனியுங்கள், இருந்த தண்ணீர் அத்தனையும் ஒரே பையில் இருந்தது. அந்தப் பிழையை இன்றும் செய்கிறார்கள். குவாசோவிலிருந்து ஹாமிவரை 300 கிலோமீட்டருக்கு மேல். நாளுக்கு ஆறு லிட்டர் வீதம் நாலு நாளுக்கு மட்டும் என்றாலே 24 லிட்டர், அதாவது 24 கிலோ. முதுகுப் பை 12 கிலோ. இரண்டையும் சுமந்தால் தோளும் பாதமும் ஒரே நாளில் போய்விடும். இருசக்கரத் தள்ளுவண்டிதான் வழி. தண்ணீரை ஒன்றரை, இரண்டு லிட்டர் பாட்டில்களாகப் பிரித்து வையுங்கள், ஒன்று கவிழ்ந்தால் ஒன்றோடு போகட்டும். வண்டியின் எதிரி முள் மட்டும் அல்ல. லாரி டயர் வெடித்துச் சிதறிய ரப்பரில் மயிரிழை போன்ற கம்பிகள் இருக்கும், அவை ட்யூபில் ஏறிவிடும். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்த்து, கம்பியை எடுத்த பிறகே புது ட்யூப் போட வேண்டும். விரலால் தடவாதீர்கள். காற்றையும் சொல்ல வேண்டும். 2007 பிப்ரவரியில் துருபான் அருகே காற்று ஒரு பயணிகள் ரயிலின் 11 பெட்டிகளைப் புரட்டிப் போட்டது. தள்ளுவண்டி எந்த மூலைக்கு? காற்று கிளம்பினால் சாலைக்கு அடியில் ஓடும் நீர்க்குழாய்ப் பாலங்களுக்குள் ஒதுங்குங்கள், வானத்தில் மழைமேகம் இல்லாவிட்டால் மட்டும்.

இவ்வளவு கடுமைக்கு நடுவிலும் மனிதன் நடந்துவிடுகிறான் என்றால் அதற்கு ஒரு காரணம் 'காய்ஷுய்', கொதிக்க வைத்த வெந்நீர். ரயில் நிலையத்தில் குழாயைத் திருகினால் வெந்நீர், விடுதி அறையில் பிளாஸ்கில் வெந்நீர், லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் கேட்டால் வெந்நீர். காசு கேட்க மாட்டார்கள். குடல் நோய் வராமல் மாதக்கணக்கில் நடக்க முடிவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

பழநிக்கு நடக்கும் நம் மக்களுக்கு இது வேண்டாமா? தண்ணீர்ப் பந்தல் வைத்தது நம் ஊர் வழக்கம். இன்று பாதயாத்திரை வழியில் எத்தனை இடத்தில் காய்ச்சிய நீர் கிடைக்கிறது? விடியற்காலை மார்கழிப் பனியிலும் தைப் பனியிலும் நடக்கும் வயதானவர்களுக்கு ஒரு குவளை வெந்நீர் யார் கொடுக்கிறார்கள்? எந்த நீர் என்று தெரியாமல் வாயில் ஊற்றுவதும், ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான். தனிமையைப் பற்றியும் பேச வேண்டும், அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார், இன்னொரு மேடையில் வைத்துக்கொள்வோம்.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, கோரிக்கை இதுதான். நம் எல்லைக்குள் வரும் பாதயாத்திரைச் சாலையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றாக, மூடியும் குழாயும் உள்ள எவர்சில்வர் கொதிகலன், பக்கத்தில் பாட்டிலைத் தரையில் வைக்காமல் நிரப்ப முழங்கால் உயரத்தில் ஒரு மேடை. வரும் தைப்பூசத்துக்குள் முடிந்தால் போதும். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போங்கள்.