தூளியில் அமர்ந்து ஒரு மான் வேட்டை

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பல ஆண்டுகளாக வசித்து வருபவன் நான். நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையில் வரும் நன்றியறிதல் திருநாளை அடுத்த சனிக்கிழமையன்று, அந்த மாநிலத்துக் காடுகளில் ரைஃபிள் கொண்டு மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. அதற்காக மரத்தில் ஏறி, பலகையில் அமராமல் கயிற்றில் தொங்கியபடி காத்திருக்கும் ஒரு முறையைப் பற்றிப் பேசுமாறு கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் இதை ‘ட்ரீ சேடில்’ என்பார்கள். சேணம் என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் குதிரைச் சேணத்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை ஏதும் இல்லை. நம் வீடுகளில் குழந்தைக்குக் கட்டும் தூளியை நினைத்துக்கொண்டால் பொருள் சட்டென்று விளங்கிவிடும்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். இங்கே மானைச் சுட்டவர் சிறைக்குப் போவார். அமெரிக்காவில் நிலைமை வேறு. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கணக்கில்லாமல் கொன்றதில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு வெள்ளைவால் மான்களின் எண்ணிக்கை சில லட்சங்களாகச் சுருங்கியிருந்தது. பிறகு வந்த கடுமையான வேட்டைச் சட்டங்களும், ரைஃபிள், தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரிப்பணத்தைக் காட்டுயிர்ப் பராமரிப்புக்கே ஒதுக்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்து அவற்றை மீட்டன. இன்று அங்கே ஏறத்தாழ 3 கோடி மான்கள் உள்ளன. ஓநாய்கள் இல்லாத கிழக்கு மாநிலங்களில் அவை மரக்கன்றுகளை முளையிலேயே மேய்ந்துவிடுவதால், பென்சில்வேனியாவின் அலகேனி மேட்டுநிலக் காடுகளில் பெருமரங்களின் கீழே இளமரங்களைக் காணோம். பெரணிச் செடிதான் இடுப்பளவு பரந்து கிடக்கிறது. பென்சில்வேனியாவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் மான்கள் உரிமத்துடன் வேட்டையாடப்படுகின்றன. இதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் மனம். நான் மேற்கொண்டு சொல்லப்போவது கயிற்றைப் பற்றியும் மரத்தைப் பற்றியும்தான்.

மரத்தின் மேலிருந்து வேட்டையாடுவதற்குக் காரணம் மானின் மூக்கு. தரையில் நிற்பவனின் வாடை காற்றோடு நேரே போய்ச் சேர்ந்துவிடும். ஐந்தாறு மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த வாடை மானின் தலைக்கு மேலாகக் கடந்துபோகச் சற்று வாய்ப்பு உண்டு. மானின் கண்ணும் மேல்நோக்கித் தேடிப் பழகியதல்ல. துப்பாக்கிப் பருவத்தில் இன்னொரு நன்மையும் சேர்கிறது. மேலிருந்து சுடும் தோட்டா மானைத் துளைத்து வெளியேறினாலும் பெரும்பாலும் அருகிலேயே மண்ணில் புதைந்துவிடும். தரையிலிருந்து கிடையாகச் சுட்டது எங்கே போய் நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

வழக்கமான மரப்பரண் இரும்பாலோ அலுமினியத்தாலோ ஆனது; பல கிலோ எடை. தனியார் நிலத்தில் அதை மாதக்கணக்கில் கட்டியே வைக்கலாம். ஆனால் பொதுக் காட்டில் விட்டுவிட்டு வந்தால் களவு போகலாம், இல்லையென்றால் நமக்கு முன்பே இன்னொருவர் ஏறி அமர்ந்திருப்பார். ஆணி அடிப்பதற்கும் திருகுப்படி பதிப்பதற்கும் அங்கே அனுமதி கிடையாது. ஒரு கிலோவுக்குள் அடங்கும் தூளியோ முதுகுப்பைக்குள் மடிந்துவிடும். அன்றன்று காற்று எந்தத் திசையில் வீசுகிறதோ அதற்கேற்ற மரத்தில் ஏறிவிட்டு, மாலையில் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வீடு திரும்பலாம். 1980களின் தொடக்கத்திலேயே மிச்சிகன் மாநிலத்து வில்வேட்டைக்காரர்கள் சிலர் இதைக் கையாண்டார்கள். வெகுகாலம் அவர்களைப் பித்தர்களாகவே மற்றவர்கள் பார்த்தார்கள் என்று கேள்வி. கடந்த பத்தாண்டுகளில்தான் இது பரவலாகி, வில்லாளிகளிடமிருந்து துப்பாக்கிக்காரர்களின் கைக்கும் வந்திருக்கிறது.

அமைப்பு எளிமையானது. இடுப்பையும் தொடையின் மேற்பகுதியையும் தாங்கும் அகலமான துணிப்பட்டை ஒன்று. அதன் இரு பக்கக் காதுகளையும் இணைத்து வயிற்றுக்கு முன்னால் வளைந்து நிற்கும் குறுங்கயிறு ஒன்று. இதை அவர்கள் பாலம் என்கிறார்கள். மரத்தைச் சுற்றிக் கண்ணளவு உயரத்தில் கட்டிய மற்றொரு கயிற்றில் புரூசிக் முடிச்சு ஒன்று இருக்கும். ஆஸ்திரிய மலையேறி ஒருவரின் பெயரைத் தாங்கிய முடிச்சு அது. சுமை ஏறினால் இறுகும், சுமை நீங்கினால் கையால் நகர்த்தலாம். அந்த முடிச்சையும் பாலத்தையும் ஒரு காரபைனர் கொக்கி பிணைக்கிறது. பொதுவாக அந்தக் கொக்கி 22 கிலோநியூட்டன், அதாவது 2 டன்னுக்கும் மேற்பட்ட சுமையைத் தாங்கும். பாதங்களுக்கு ஒரு சிறு மிதிபலகை போதும். ஏறுவதற்கு மரத்தில் வாரால் கட்டும் ஏணித் துண்டுகள் மூன்று அல்லது நான்கு. ஏறும்போது மின்கம்பத் தொழிலாளர்களைப் போல மரத்தைச் சுற்றி ஒரு கயிற்றை இடுப்போடு பிணைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் அதை மேலே தள்ளியபடி போகவேண்டும். பனையேறிகள் காலில் தளைநார் பூட்டி ஏறுவதைச் சிறுவயதில் பார்த்தவன் என்பதால், முதல் நாள் இந்தக் கயிற்றைக் கண்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர்களுக்கு அந்த நார் ஒன்றே துணை. எங்களுக்கு இத்தனை சாமான்கள்.

பரணில் அமர்பவனுக்கு மரம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தூளியில் இருப்பவனுக்கு அது முகத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. துப்பாக்கி வேட்டையில் மற்றவை யாவும் இந்த ஒரு மாற்றத்திலிருந்தே பிறக்கின்றன. மான் வரக்கூடிய பாதைக்கும் நமக்கும் நடுவில் மரத்தை நிறுத்திக்கொண்டு, அதன் பின்னால் ஒளிந்திருக்கலாம். துப்பாக்கிக்குத் தாங்கலாகவும் அதே மரம் உதவும். வில்லாளிக்குக் கைகள் இரண்டும் வேலையாக இருப்பதால் மரத்தால் கிடைப்பது மறைவு மட்டுமே. துப்பாக்கிக்காரன் இடது உள்ளங்கையை மரத்தில் அழுத்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவட்டில் துப்பாக்கியின் முன்கட்டையை வைத்து, முழங்காலால் அடிமரத்தில் முட்டுக்கொடுத்தால், ஊசலாடும் உடம்பும் கல்தூண் போல நிலைத்துவிடும். குழல் மட்டும் மரப்பட்டையில் படக்கூடாது. பட்டால் குறி விலகும். குழல்வாய் கயிற்றுக்கு அருகில் நின்றாலும் ஆபத்து. வெடிக்கும்போது பீறிடும் சூடான வாயு, நம்மைத் தாங்கும் கயிற்றையே கருக்கிவிடும்.

பக்கக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. வலது தோளில் துப்பாக்கியை வைப்பவனுக்கு மரத்தின் இடப்பக்கம் முழுவதும் எளிது. உடம்பு தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். வலப்பக்கம் அவ்வளவு எளிதல்ல. மிதிபலகையில் பாதங்களை மாற்றி வைத்து, பாலக்கயிற்றைத் தோளால் ஒதுக்கி, உடம்பையே சுற்றித் திருப்பவேண்டும். பழகியவர்கள் இடது தோளில் வைத்துச் சுடவும் கற்றுக்கொள்கிறார்கள். எனக்கு அது இன்றுவரை வரவில்லை.

என் முதல் பருவத்தில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஒரு கருஞ்செர்ரி மரத்தில் ஏறிவிட்டேன். அந்த மரத்தின் பட்டை கருகிய அப்பளம் போலச் செதில் செதிலாகப் பெயரும். கயிறு உரசும்போதெல்லாம் ஒரு செதில் கீழே உறைந்து கிடந்த சருகில் விழுந்து, அமைதியில் அது கல் விழுந்த ஓசையாகக் கேட்டது. எட்டு மணி அளவில், நான் இடப்பக்கத்து ஓடைக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வலப்பக்கச் சரிவிலிருந்து ஒரு பெட்டைமான் இறங்கி வந்து முப்பது மீட்டரில் நின்றது. மூக்கிலிருந்து எழுந்த ஆவிகூடத் தெரிந்தது. நான் அங்குலம் அங்குலமாகத் திரும்பினேன். பாதி திரும்பியதும் பாலக்கயிறு துப்பாக்கியின் பின்கட்டைக்குக் குறுக்கே வந்துவிட, அதை ஒதுக்க முழங்கையை அசைத்தபோது காரபைனர் ‘கிளிக்’ என்றது. மான் காலை ஒருமுறை ஓங்கித் தரையில் தட்டியது. அடுத்த நொடி வெள்ளை வால் கொடிபோல உயர்ந்து புதருக்குள் மறைந்தது. மேலும் மூன்று மணி நேரம் அந்த மரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு வந்தவை அணில்கள் மட்டும்.

துப்பாக்கியோடு ஏறுவது பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். தோளில் மாட்டிக்கொண்டு எவரும் ஏறுவதில்லை. தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்து, துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து பார்த்து, குழல்வாய் கீழ்நோக்கியிருக்குமாறு ஓர் இழுகயிற்றில் கட்டித் தரையிலேயே விட்டுவிட்டு, மேலே போய்த் தூளியில் அமர்ந்து, கயிறுகளை மறுமுறை சரிபார்த்த பிறகே மெல்ல மேலே இழுக்கவேண்டும். இறங்கும்போதும் அதே முறைதான். அந்த மாநிலத்தில் இந்தப் பருவத்தில் தலையிலும் மார்பிலும் முதுகிலும் சேர்த்து 250 சதுர அங்குலத்துக்குப் பளிச்சிடும் ஆரஞ்சு நிறம் அணிவது சட்டம். மானின் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு பச்சையிலிருந்து பிரிந்து தெரிவதில்லை. சக வேட்டைக்காரனுக்குத் தெரியும். ஆனால் முன்னால் உள்ள மரம் நம் ஆரஞ்சையும் சேர்த்தே மறைக்கிறது. இதை நினைத்து நான் சில சமயம் கவலைப்பட்டதுண்டு. ஆகவே மரத்தைச் சுற்றி ஓர் ஆரஞ்சுப் பட்டையும் கட்டிவைக்கிறேன்.

அமெரிக்க வேட்டைக்காரர்கள் துப்பாக்கி வெடித்துக் காயமடைவதைக் காட்டிலும் மரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிவதே அங்கே அதிகம் பேசப்படும் துயரம். பரணில் இருப்பவர் பாதுகாப்புப் பட்டையை அணிய மறந்தாலும் அமர்ந்துகொள்ளலாம். தூளியில் அது முடியாது, கயிறு இல்லாவிட்டால் அமரவே இடம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த முறையை விரும்புகிறேன். ஆனால் கயிறு எப்போதும் விறைப்பாக இருக்கவேண்டும். இந்தக் கயிறுகள் அதிகம் நீளாதவை. அரை மீட்டர் தளர்ந்த நிலையில் கால் வழுக்கினால், விழுவது சிறிது தூரமே என்றாலும் இடுப்பில் விழும் திடீர் இழுப்பு கடுமையானது. மரத்தையும் பார்த்தே தேர்ந்தெடுக்கவேண்டும். அமெரிக்காவில் முதன்முதலாக 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகத நிற வண்டு ஒன்று, கிழக்குக் காடுகளில் ஆஷ் மரங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுவிட்டது. நேராகவும் கிளையில்லாமலும் நின்று ‘ஏறு, ஏறு’ என்று அழைப்பவை பெரும்பாலும் இந்தப் பட்டுப்போன மரங்களே. அவற்றில் கை வைக்கக்கூடாது.

மூன்றாம் பருவத்தின் ஒரு மாலையில், லேசாகப் பனி தூவிக்கொண்டிருக்க, எனக்கு ஒரு பெட்டைமான் கிடைத்தது. அது இடப்பக்கம்தான் வந்தது. எனவே பெருமை கொள்ள ஏதுமில்லை. கோணம் செங்குத்தாக இருந்தால் தோட்டா ஒரு நுரையீரலை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடும் என்பதால், மான் நாற்பது மீட்டர் தள்ளிப் போகும்வரை விசையைத் தொடாமல் காத்திருந்தேன். மேலே நுழைந்த தோட்டா விலாவின் கீழ்ப்புறமாக வெளியேறியதால், பனியின்மீது குருதித் தடம் தெளிவாக விழுந்திருந்தது. சுட்டவுடன் இறங்கக்கூடாது, அரை மணி நேரம் பொறுக்கவேண்டும் என்பது வழக்கம். அந்த அரை மணியில் என் விரல்கள் மரத்துப்போய், முடிச்சைத் தளர்த்துவதற்கே பல்லைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. கீழே வந்து, வேட்டை உரிமத்தோடு வரும் அட்டையில் நாளும் நேரமும் இடமும் எழுதி மானின் காதில் கட்டிய பிறகே அதை நகர்த்தினேன். சட்டம் அப்படி.

அன்று நனைந்த கயிற்றை வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு வாரம் விரித்து உலர்த்தினேன். இந்த ஆண்டு பருவத்துக்கு முன் அதை விரல்களுக்கிடையில் ஓடவிட்டுப் பார்த்தபோது, முடிச்சு வழக்கமாக நிற்கும் இடத்தில் உறை நூல் நைந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதியது வாங்கியிருக்கிறேன்.