பச்சை ஈ எல்லாம் ஒரே ஈ இல்லை

[காட்சி: கடலூர் முதுநகர் துறைமுகம், காலை வெயில். தார்ப்பாயில் காயும் நெத்திலி.]

கையை ஒரு தடவை வீசினா கூட்டமா எழும்பும். மறு நொடி அதே மீன் மேல வந்து உட்காரும். நாம எல்லாத்துக்கும் சேர்த்து "பச்சை ஈ"ன்னு ஒரே பேரு வெச்சிருக்கோம்.

நான் பூச்சி பார்க்க ஆரம்பிச்ச புதுசுல, நிறத்தை வெச்சுத்தான் பிரிச்சேன். பச்சைக்கு ஒரு டப்பா, நீலத்துக்கு ஒரு டப்பா. வெயில்ல பச்சையா மின்னினது கொஞ்சம் திருப்பினா நீலமாத் தெரியுது. மொத்த உழைப்பும் வீண்!

அதனால நிறத்தை விடுங்க. ஈயைக் குப்பியில பிடிச்சு, அப்படியே ஐஸ் பெட்டிக்குள்ள கொஞ்ச நேரம் வைங்க. குளிர்ல அசையாம கிடக்கும். பத்து மடங்கு காட்டுற கை லென்ஸ் இருந்தா போதும்.

[நெருக்கக் காட்சி: ஈயின் முகம்.]

கண்ணுக்குக் கீழ கன்னத்தைப் பாருங்க. நல்ல ஆரஞ்சு நிறம். கண்ணு செங்கல் சிவப்புல, தலையே கண்ணுதானோன்னு தோணும். இது கிரைசோமியா மெகசெபாலா. 1794-ல ஃபாப்ரீசியஸ்ங்கிற பூச்சியியலாளர் வெச்ச பேரு, அர்த்தம் பெருந்தலை. ஆணுக்கு ரெண்டு கண்ணும் உச்சியில ஒட்டிக்கும். கண்ணுல நிறைஞ்சிருக்கிற குட்டிக் குட்டி அறைகள்ல மேல இருக்கிறது பெருசு, கீழ இருக்கிறது பொடிசு, நடுவுல வரப்பு மாதிரி தெளிவா ஒரு எல்லை. ஈரக் கருவாட்டுல புழு வைக்கிறதுல பெரும்புள்ளி இதுதான்.

கன்னம் வெளுப்பா இருக்கா? அப்போ மார்புக்குப் பக்கவாட்டுல, முன்னால இருக்கிற மூச்சுத்துளையைத் தேடுங்க. மெகசெபாலாவுக்கு அது கரும்பழுப்பு. இதுக்கோ சுண்ணாம்பு தொட்டு வெச்ச மாதிரி வெள்ளை. அப்படின்னா கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ். இதோட புழு உடம்பெல்லாம் சதை முள்ளு. வளர்ந்ததும் பக்கத்துல இருக்கிற மத்த புழுவையே பிடிச்சுத் தின்னும். இன்னொரு விசித்திரம், ஒரு தாய்க்குப் பிறக்கிறது எல்லாமே ஆணா இருக்கும், இல்ல எல்லாமே பெண்ணா இருக்கும்.

முதுகுல தடிச்ச முள்முடி வரிசையா நின்னு, உடம்பு செம்புப் பாத்திரம் மாதிரி மின்னினா லுசிலியா குப்ரினா. கிரைசோமியாவுக்கு முதுகு முடி ரொம்பக் குட்டை.

[காட்சி: காதோரம் புண்ணுள்ள ஆடு.]

சிக்கல் இங்கதான். உயிரோட இருக்கிற ஆடு மாட்டுப் புண்ணுல முட்டை வைக்கிற கிரைசோமியா பெஸ்ஸியானா, பார்க்க அச்சு அசல் மெகசெபாலா. இறக்கை அடியில ஒரு மடிப்பு இருக்கும், அதைத் தூக்கிப் பாருங்க. பழுப்பா இருந்தா மெகசெபாலா, மெழுகு வெள்ளையா இருந்தா பெஸ்ஸியானா. புண்ணுல புழு தெரிஞ்சா இந்த ஆராய்ச்சியெல்லாம் அப்புறம், முதல்ல கால்நடை மருத்துவர்.

[காட்சி: மீண்டும் தார்ப்பாய்.]

லென்ஸோட நான் குனிஞ்சிருந்ததைப் பார்த்து, கருவாடு காயப்போட்ட அக்கா கேட்டாங்க: "பேரு தெரிஞ்சு என்ன பண்ணப்போற தம்பி?"

"ஈரம் இருக்கிற வரைக்கும்தான் இது முட்டை வைக்கும்க்கா. மொத நாளே மூடிடுங்க."

"இது எங்க ஆத்தா காலத்துலயே தெரியும்"னு சொல்லிக்கிட்டே, கொசுவலையை இழுத்துப் போட்டு நாலு மூலையிலயும் கல்லு வெச்சாங்க.