குதிக்கிற பிள்ளையும் கீழ்வீட்டுக்காரரின் தூக்கமும்

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம். இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். பையன் ராத்திரியில் எழுந்து குதிக்கிறான், குரல் எழுப்புகிறான். கீழ்வீட்டுக்காரர் மூன்று முறை ஹவுஸ் ஓனரிடம் சொல்லிவிட்டார். "அவன் வாயைப் பொத்திப் பொத்தி எனக்கே மனசு விட்டுப்போச்சு. வீட்டைக் காலி செய்துவிடட்டுமா?" என்கிறார்.

வாயைப் பொத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள் அம்மா. அவன் வீம்புக்குக் குதிக்கவில்லை. குதிக்கும்போது மூட்டுகளிலும் தசைகளிலும் ஒரு அழுத்தம் விழுகிறது. உள்காதில் இருக்கிற சமநிலை உணர்வும் தூண்டப்படுகிறது. இந்தப் பிள்ளைகள் பலருக்கு உடம்பு நிதானப்படுவதே அப்படித்தான். தூக்கம் சரியாக வராததும் இவர்களில் நிறையப் பேருக்கு உண்டு. குதிப்பதைத் தடுத்தால் அது வேறு வழியில், பெரும்பாலும் அழுகையாக வெளியே வரும். ஆகவே நாம் மாற்ற வேண்டியது குதிக்கிற இடத்தையும் நேரத்தையும்.

சத்தத்தில் இரண்டு வகை. குரல் காற்று வழியாகப் போகிறது. கதவையும் ஜன்னலையும் மூடினால், கனமான திரை போட்டால் ஓரளவு குறையும். குதிப்பது அப்படி இல்லை, தளமே அதிர்கிறது. அந்த அதிர்வு கான்கிரீட்டிலேயே இறங்கி, சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். மெல்லிய கம்பளம் விரித்தால் 'டக் டக்' குறையும், 'தொம் தொம்' குறையாது. கீழே இருப்பவரை எழுப்புவது அந்தத் தொம்தான். அடியில் கனமான ரப்பர் பாய், மேலே தடித்த மெத்தை என்று அடுக்கிப் பாருங்கள். பெரிய பந்தில் உட்கார்ந்து எம்புவதும் அவனுக்குப் பிடிக்கலாம், அதில் தரையில் விழும் அடி குறைவு. எது அவனுக்கு ஏற்றது என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருகிற சிகிச்சையாளர்) கேளுங்கள்.

இன்னொன்று, இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. அடுக்குமாடியில் பெரும்பாலும் ஒரே வரைபடம்தான் மாடிக்கு மாடி. உங்கள் படுக்கையறைக்குக் கீழே அவருடைய படுக்கையறை இருக்கும். பையன் குதிக்கிற இடத்தைச் சமையலறை, ஹால் பக்கம் மாற்றினாலே பாதிச் சண்டை தீரும். முடிந்தால் அவர் சம்மதத்தோடு ஐந்து நிமிடம் அவர் கட்டிலருகே நின்று கேட்டுப் பாருங்கள். மேலே பையன் குதிக்கட்டும். மேசைமேல் இருக்கிற டம்ளர் கிணுகிணுப்பது காதில் விழுந்தால், அவர் ஏன் அப்படிப் பேசினார் என்று உங்களுக்கே புரியும். நீங்கள் வந்து நின்று கேட்டதை அவரும் மறக்கமாட்டார்.

அவரிடம் பேசும்போது, சத்தத்துக்கு வருத்தம் சொல்லுங்கள், பிள்ளைக்காக மன்னிப்புக் கேட்காதீர்கள். இரண்டும் வேறு. எத்தனை மணிக்குப் படுக்கிறார், இரவு வேலைக்குப் போகிறவரா என்று கேளுங்கள். மருத்துவ விவரம் எல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஓனரிடம் வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிக் கொடுங்கள். மருத்துவர் அல்லது தெரபிஸ்டின் கடிதம், நீங்கள் செய்த மாற்றங்கள், எந்த நாள் எத்தனை மணிக்குச் சத்தம், எவ்வளவு நேரம் என்ற குறிப்பு. 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான வசதியை, அதாவது அவர்கள் தேவைக்கு ஏற்ற மாற்றத்தைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்கிறது. ஆனால் அது மற்றவர்மேல் அளவுக்கு மீறிய சுமை ஆகக்கூடாது என்றும் சொல்கிறது. கீழ்வீட்டுக்காரரின் தூக்கமும் கணக்கில் வரும். வாடகைச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஒப்பந்தத்தை எடுத்துச் சட்ட உதவி மையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சரி, காலி செய்வதா? பயந்துபோய் இப்போதே வேண்டாம். பாயும் இட மாற்றமும் ஒரு மாதம் ஓடட்டும். அப்புறமும் போகத்தான் வேண்டும் என்றால், கீழே யாரும் குடியில்லாத தரைத்தள வீடாகத் தேடுங்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே பையனைப் பற்றி அந்த ஓனரிடம் சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பவரை அப்போதே தெரிந்துகொள்ளலாம்.