ஒருவர் வாசிக்க, ஊர் கேட்க

நேயர்களுக்கு வணக்கம். கிராமத்து இளைஞர்களின் வாசிப்பு என்றதும் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்போம். யார் காதில் விழும்படி படிக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அந்தக் காலத்து டீக்கடையை, படிப்பகத்தை நினைத்துப் பாருங்கள். வருவது ஒரே தினத்தாள். படிக்கத் தெரிந்த இளைஞர் உரக்க வாசிப்பார். பெரியவர்கள் குறுக்கே கேள்வி போடுவார்கள். ஊரின் அரசியல் பேச்சும், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கும் வழக்கமும் அப்படித்தான் பரவின. ஆனால் அந்தப் பெஞ்சில் பெண்கள் உட்கார முடிந்ததா? எல்லாச் சாதியாரும் உட்கார முடிந்ததா? இல்லை. அதனால்தான் கூடி உட்கார்ந்து உரக்க வாசிக்கும் வாசிப்பு வட்டத்துக்குப் பள்ளித் திண்ணை போல எல்லோரும் தயங்காமல் வரக்கூடிய இடம் வேண்டும் என்கிறேன்.

மன்னார்குடிப் பக்கம் 1931-இல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் நடத்தினார். வாசகர் வரட்டும் என்று காத்திராமல் புத்தகம் ஊர் ஊராகப் போனது! நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் நூலக ஐந்து விதிகள் நூலாக வந்ததும் அதே ஆண்டுதான். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. இன்றும் தொலைந்துவிடும் என்று பயந்து பீரோவில் பூட்டுகிறோமே! பூட்டிய பீரோவில் பூச்சிதான் படிக்கும். 1948 நூலகச் சட்டத்தின்படி உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் போகிறது. அதனால் நூலகம் மாலையில் திறந்திருக்க வேண்டும் என்று உரிமையோடு கேளுங்கள்.

வட்டம் தொடங்கப் பத்துப் பேர் போதும். ஒரே அமர்வில் முடிகிற, நாலைந்து பக்கக் கதையாக எடுங்கள். உரையாடல் நிறைய இருந்தால் கேட்பவர்களுக்குச் சலிக்காது. நாலைந்து பேர் ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்கட்டும், மொத்தம் இருபது நிமிடம். வாசிக்கும்போது உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். திருத்தப்பட்ட பிள்ளை மறுவாரம் வராது. முடிந்ததும் பரீட்சைபோலக் கேள்வி கேட்க வேண்டாம். "நம்ம ஊரில் இப்படி நடந்திருக்கா?" என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அங்கேதான் பாட்டியின் கதை வெளியே வரும். அதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். அடுத்த வாரம் அதையே உரக்க வாசிக்கட்டும். ஆமாம், உரக்க!

போட்டித் தேர்வுப் புத்தகங்களைப் பற்றியும் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களை விலக்காதீர்கள். வாரம் ஒருமுறை வட்டத்தில் வாசிக்க அழையுங்கள். கைப்பேசியில் இருக்கும் கதையையும் வாசிக்கலாம், அழைப்பு மணியை மட்டும் அணைத்துவிடுங்கள். வணக்கம்.